34 வயதில் கோவா வந்தவர்

உடன்குடியிலிருந்து மணப்பாடு செல்லும் சாலையில், பனைகள் முடிந்து கடல் மணல் தொடங்கும் இடத்தில், மாலை வேளையில் பந்து உதைக்கும் இளைஞர்களைக் காணாமல் நாம் கடந்ததில்லை. அவர்களுள் ஒருவனது சட்டையின் முதுகில் 'கோரோ' என்றொரு பெயர் எழுதியிருந்தது. யாரப்பா இவர் என்று கேட்டோம். "கோவாவுக்கு ஆடுனவரு சாமி, ஸ்பெயின்காரரு" என்றான்.

ஸ்பெயின், கோவா ஆகிய இரு பெயர்களையும் மணப்பாட்டு மண்ணில் நின்று சேர்த்துக் கேட்டால் நினைவு வேறொருவரிடம் செல்வது இயல்பே. இன்று ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த நவார்ராவில் 1506-இல் பிறந்து, 1542-இல் கோவாவில் இறங்கி, அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரை இவ்வூர்க் குழந்தையும் அறியும். நாம் இருவரையும் ஒப்பிட முனையவில்லை. அவர் ஆன்மாக்களைத் தேடி வந்தவர். இவர் ஊதியத்துக்கு வந்தவர். எனினும் அந்த இளைஞனின் விடை நம்மைத் தேடிப் படிக்க வைத்தது.

ஃபெர்ரான் கொரோமினாஸ் என்பது முழுப் பெயர். கோரோ என்பது செல்லப் பெயர். 1983 சனவரி 5 அன்று கட்டலோனியாவின் ஜிரோனா பகுதியில் பிறந்தவர். பார்சலோனா நகரின் எஸ்பான்யோல் கழகத்தில் வளர்ந்து முன்கள ஆட்டக்காரரானார். அந்நகரில் உலகப் புகழ் பெற்ற பெரிய கழகம் ஒன்று இருக்க, அதன் நிழலிலேயே காலம் தள்ளும் கழகம் அது. நம் ஊர்களிலும் பேராலயத்துக்கு அடுத்த தெருவில் ஒரு சிற்றாலயம் இருந்தால் அதன் பாடு எப்படியென்று வாசகர் அறிவர்.

2006-ஆம் ஆண்டின் வசந்தம் கோரோவின் வாழ்வில் விந்தையானது. ஏப்ரல் 12 அன்று மாட்ரிட்டில் நடந்த அரசர் கோப்பை இறுதிப் போட்டியில் சரகோசா அணியை எஸ்பான்யோல் 4-1 என்று வென்றது. அந்நான்கில் ஒரு கோல் கோரோவுடையது. கோப்பையை ஏந்திய அதே அணி, ஒரு மாதம் கழித்து முதல் பிரிவிலிருந்தே கீழே தள்ளப்படும் நிலையில் நின்றது. மே 13, லீக்கின் இறுதி நாள். எதிரணி ரியால் சோசியேதாது. வென்றாலொழியப் பிழைப்பில்லை, வேறோர் ஊரில் அலாவேஸ் அணி வென்றுகொண்டிருந்தது. 90 நிமிடங்கள் கோலின்றிக் கழிந்தன. நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் கோரோவின் காலிலிருந்து பந்து வலைக்குள் சென்றது. எஸ்பான்யோல் தப்பியது, அலாவேஸ் இறங்கியது.

நான்கு நாள்களுக்குப் பின் பார்சலோனா கழகம் பாரிசில் ஐரோப்பிய சாம்பியன் ஆயிற்று. உலகச் செய்தித்தாள்கள் எதைக் கொண்டாடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எஸ்பான்யோல் அன்பர்கள் இன்றளவும் பேசுவது அந்த ஒற்றைக் கோலைத்தான்.

பின்னர் அவர் வாழ்வு மெல்லச் சரிந்தது. 2007-இல் கிளாஸ்கோவில் நடந்த யூஈஎஃப்ஏ கோப்பை இறுதியில் எஸ்பான்யோல் செவியாவிடம் பெனால்டி உதைகளில் தோற்றது. 2011-இல் ஒசாசுனாவுக்குக் கடனாக அனுப்பப்பட்டார். அக்கழகம் பாம்ப்லோனாவில் இருக்கிறது. சவேரியாரின் நவார்ராவுக்குத் தலைநகர் அதுதான்! அடுத்து ஜிரோனா, எல்சே, மல்யோர்கா, சைப்ரஸ் தீவில் ஒரு சிறு கழகம். எல்சே 2013-இல் முதல் பிரிவுக்கு உயர்ந்தபோது அவர் கோல்களுக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் 34 வயதில் சைப்ரசிலிருந்து புறப்படும் முன்கள வீரரை ஐரோப்பாவில் எவரும் தேடி வருவதில்லை.

தேடி வந்தது கோவா. 2017-இல் ஸ்பெயின் பயிற்சியாளர் செர்ஜியோ லோபேராவின் கீழ் எஃப்.சி. கோவாவில் சேர்ந்தார். அப்பருவத்தில் அடுத்தடுத்த இரு ஆட்டங்களில், பெங்களூருவுக்கும் கேரளத்துக்கும் எதிராக, மும்மூன்று கோல்கள். பருவ முடிவில் 18. அடுத்த பருவத்தில் 16. இரு ஆண்டும் இந்தியன் சூப்பர் லீக்கின் தங்கக் காலணி அவருக்கே. 2019 ஏப்ரலில் புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கோப்பை இறுதியில் சென்னையின் அணியை 2-1 என்று வீழ்த்தியபோதும் ஒரு கோல் அவருடையது. தமிழராகிய நமக்கு அதில் மகிழ்ச்சியில்லை. ஆனால் 2018 அரையிறுதியில் வியாசர்பாடி தனபால் கணேசும் ஒரு கோல் அடிக்க, இதே கோவாவை 3-0 என்று சென்னை அனுப்பிவைத்ததை நினைத்துத் தேறிக்கொள்ளலாம்.

மூன்றாம் பருவத்தில் 14 கோல்கள். மொத்தம் 57 ஆட்டங்களில் 48. அன்று லீக்கின் வரலாற்றில் அவரைவிட மிகுதியாகக் கோலடித்தவர் எவருமில்லை. 2020-இல் புள்ளிப் பட்டியலில் கோவா முதலிடம் பெற்று, ஆசிய சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றுக்குச் சென்ற முதல் இந்தியக் கழகமாயிற்று. 2021-இல் அவ்வாட்டங்கள் மட்காவ் ஃபதோர்தா மைதானத்தில் நடந்தபோது கோரோ அங்கில்லை. முந்தைய ஆண்டே விடைபெற்றிருந்தார். பின்னர் ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றார்.

இதையெல்லாம் படிக்கையில் நமக்கு வேறொரு நினைவு உறுத்தியது. சில ஆண்டுகளுக்கு முன், பங்கின் இளைஞர் அணியை நாம் தெரிவு செய்த நாளில், கருப்பட்டிக் கடையில் கணக்கு எழுதும் ஒருவர் காலணியுடன் வந்து நின்றார். வயது 33. "தம்பிமாருக்கு வழிவிடுங்க" என்று அனைவர் முன்னிலையிலும் சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று முதல் அவர் மைதானத்துப் பக்கம் வந்ததில்லை. ஞாயிறு தவறாது திருப்பலிக்கு வருகிறார், பின்வரிசையில் அமர்ந்து போய்விடுகிறார். அவர் எப்படி ஆடுவார் என்பதைக்கூட நாம் அன்று பார்க்கவில்லை.

திருவிழாவுக்கு முன் சுழற்கோப்பைப் போட்டி இருக்கிறது. இம்முறை அவர் வீட்டுக்கே சென்று அழைப்பதென்று இருக்கிறோம். வருவாரா, அறியோம்.