உடைக்காமல் அறிதல்

1895 நவம்பரில் லண்டனின் ‘பஞ்ச்’ இதழில் ஜார்ஜ் டு மோரியே வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று வெளிவந்தது. பேராயர் வீட்டில் காலை உணவு. விருந்தாளியான இளம் பாதிரியாருக்குக் கெட்டுப்போன முட்டை வந்துவிட்டதே என்று பேராயர் வருந்துகிறார். மேலதிகாரியின் மனம் கோணக்கூடாதே என்று அந்த அப்பாவி, அதன் சில பகுதிகள் மிகச் சிறப்பாகவே உள்ளன என்று பதில் சொல்கிறார். ‘க்யூரேட்டின் முட்டை’ என்ற தொடர் ஆங்கிலத்தில் நிலைபெற்றது இதிலிருந்துதான். பாதி தேறிய நாவலைக் குறிக்க ஆங்கில மதிப்புரையாளர்கள் இன்று அதைக் கையாளுகிறார்கள். மூலப் பகடியோ இதற்கு நேர் எதிரானது. முட்டையில் பாதி நல்லது என்று ஒன்று கிடையாது என்பதே அங்கே சிரிப்பின் அடிப்படை. நம் மொழி இதில் இன்னும் கறாரானது. கூமுட்டை என்றால் கூமுட்டைதான்; அதில் முதல் தரம், இரண்டாம் தரம் இல்லை.

எனினும் இருபதாம் நூற்றாண்டு முட்டைக்குத் தரம் வகுத்தது. பழத்தை முகரலாம், அரிசியைக் கடித்துப் பார்க்கலாம், நெய்யைப் புறங்கையில் தேய்க்கலாம். முட்டையை உடைத்தால் விற்க முடியாது. உடைக்காவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது. நம் பாட்டிமார் தண்ணீர்ப் பாத்திரத்தில் இட்டுப் பார்த்தார்கள், அமிழ்ந்தால் புதியது, மிதந்தால் பழையது. இது வெறும் நம்பிக்கையன்று. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஈரமும் கரியமில வாயுவும் நாள்தோறும் வெளியேற, அகன்ற முனையில் உள்ள காற்றறை பெரிதாகிறது. வெண்கருவின் காரத்தன்மை கூடி, கட்டியாயிருந்த பகுதி நீர்த்துப்போகிறது. அடை வைத்த முட்டையில் கரு பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் வழக்கமும் நம் வீடுகளில் இருந்ததுதான். மேலை நாடுகளில் இதையே மெழுகுவர்த்தியின் முன் செய்தார்கள். பின்னாளில் மின்விளக்கு வந்தபோதும் அந்தச் சோதனைக்குக் ‘கேண்ட்லிங்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இந்தக் கைப்பழக்கத்தை அறிவியலாக்கியவர்களில் நாம் முதலில் நினைவுகூர வேண்டியவர் மேரி எங்கிள் பென்னிங்டன். 1892இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இவரது படிப்பை ஏற்றுக்கொண்டு, பெண் என்பதால் பட்டத்தை மறுத்து, தேர்ச்சிச் சான்றிதழ் ஒன்றைக் கொடுத்து அனுப்பியது. மூன்றே ஆண்டுகளில் அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்க வேளாண் துறையின் உணவு ஆய்வுக்கூடத்துக்குத் தலைமையேற்று, குளிர்பதனக் கிடங்குகளிலும் ரயில் பெட்டிகளிலும் கோழியிறைச்சியும் முட்டையும் எப்படிக் கெடுகின்றன என்று ஆராய்ந்தார். மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்தது, அன்று இட்டது என்று சந்தைக்கு வந்த காலம் அது. 1918இல் உடனாசிரியர் இருவருடன் இவர் வெளியிட்ட கையேடு, விளக்கொளியில் நல்ல முட்டை எப்படித் தோன்றும், இரத்தப் புள்ளி உடையது எப்படித் தோன்றும், அழுகத் தொடங்கியது எப்படித் தோன்றும் என்று விளக்கியது. வணிகரின் கண்ணில் மட்டும் குடியிருந்த ஓர் அறிவு, பிறருக்குக் கற்பிக்கக்கூடியதாக மாறியது இப்படித்தான்.

அடுத்தது எண்ணின் காலம். 1937இல் ரேமண்ட் ஹா என்பவர் முட்டையைக் கண்ணாடித் தகட்டில் உடைத்து ஊற்றி, கட்டி வெண்கருவின் உயரத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, முட்டையின் எடையையும் சேர்த்து ஒரு மடக்கைச் சூத்திரம் சமைத்தார். ‘ஹா அலகு’ என்று அது இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. மூலச் சூத்திரத்தில் பூமியின் ஈர்ப்பு விசைக்கான மாறிலியும் இடம்பெற்றிருந்தது. தோசைக்கல்லில் பரவும் வெண்கருவுக்குள் நியூட்டன் வந்து உட்கார்ந்திருப்பதைக் காணும்போது நமக்குச் சற்றே புன்னகை வருகிறது. அமெரிக்கத் தர அளவில் 72க்கு மேல் ‘ஏஏ’, 60க்கு மேல் ‘ஏ’, அதற்குக் கீழே ‘பி’. அத்துடன் ஓடு தூய்மையாகவும் விரிசலின்றியும் இருக்க வேண்டும். ‘ஏஏ’ முட்டையின் காற்றறை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதே 1937இல்தான் இங்கே விளைபொருள்களைத் தரம் பிரித்துக் குறியிடும் சட்டம் இயற்றப்பட்டு, அக்மார்க் முத்திரைக்கு வழி பிறந்தது. ஆயினும் நம் கடைகளில் முட்டை பெரிதும் பருமனைப் பார்த்தே விலை பெறுகிறது.

இத்தனை அளவுகளும் உண்மையில் எதை அளந்தன என்ற கேள்விக்கு நாம் வருகிறோம். புதுமையை, தோற்றத்தை, வாணலியில் பரவாமல் நிற்கும் அழகை அளந்தன. நோயையும் ஒரு காலம் வரை அவை தடுத்தன என்பதை மறுப்பதற்கில்லை. சால்மொனெல்லா என்ற நுண்ணுயிர் கோழி எச்சத்தின் வழியே அழுக்கு ஓட்டிலும் விரிசலிலும் புகுந்து பரவியது. 1970இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், உடைத்து ஊற்றி விற்கும் முட்டைப் பொருள்களைப் பாஸ்டர் முறையில் சூடாக்க வேண்டும் என்றது. விரிசல் விட்டவையும் அழுக்கானவையும் சாப்பாட்டு மேசைக்கு வராமல் தடுத்தது. நோய் தணிந்தது. முழு ஓடும் தூய தோற்றமும் உடைய முட்டையில் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை வேரூன்றியது.

அந்த நம்பிக்கை 1988இல் தகர்ந்தது. அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் அவ்வாண்டு வெளியான ஆய்வின் தலைப்பிலேயே ‘ஏ தர முட்டைகள்’ என்ற சொற்கள் இருந்தன. 1985 ஜனவரி முதல் 1987 மே வரை நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் சால்மொனெல்லா எண்டெரிடிடிஸ் 65 முறை உணவுவழித் தொற்றாக வெடித்திருந்தது. 2,119 பேர் நோயுற்றார்கள், 11 பேர் இறந்தார்கள். எந்த உணவு காரணம் என்று கண்டறிய முடிந்த 35 நிகழ்வுகளில் 27க்குக் காரணம் ‘ஏ’ தர முட்டையோ அது சேர்ந்த பண்டமோதான். இந்த நுண்ணுயிர் கோழியின் சூலகத்திலேயே குடியேறுகிறது. ஓடு உருவாகும் முன்பே உள்ளே இருக்கிறது. கோழி நோயாளியாகத் தோன்றுவதில்லை. வெண்கரு உயர்ந்து நிற்கும், காற்றறை சிறிதாக இருக்கும், விளக்கின் முன் ஒரு நிழலும் விழாது. ஒவ்வொன்றாகச் சோதிக்கவும் வழியில்லை. அமெரிக்காவில் பின்னர் போடப்பட்ட மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 20,000 முட்டைகளில் ஒன்றில்தான் அது இருக்கிறது.

அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் சுகாதாரத் துறை இளநிலை அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மொனெல்லாவால் பீடிக்கப்பட்டிருக்கிறது என்றார். விற்பனை சரிந்தது. இரு வாரங்களுக்குள், 16ஆம் தேதி, அவர் பதவி விலகினார். ‘பெரும்பகுதி’ என்ற சொல் மிகை, அபாயம் மிகையன்று. அச்சொல்லுக்காக அவரைத் துரத்தியவர்கள் அபாயத்தை மறைக்க அச்சொல்லையே திரையாகப் பிடித்தார்கள் என்பது எங்கள் எண்ணம்.

பிரிட்டிஷ் முட்டைகளின் மேல் 1957 முதல் சிறிய சிங்க முத்திரை ஒன்று குத்தப்பட்டு வந்தது. முட்டை விற்பனை வாரியத்தின் அடையாளம் அது. 1971இல் வாரியத்தோடு மறைந்தது. 1998இல் அந்தச் சிங்கம் திரும்பி வந்தபோது அதன் பொருள் மாறியிருந்தது. இந்த முட்டையை இட்ட கோழிக்குச் சால்மொனெல்லா தடுப்பூசி போடப்பட்டிருக்கிறது என்பதே இப்போது அதன் முதன்மையான உறுதிமொழி. முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த கண் கோழியின் பக்கம் திரும்பிவிட்டது. வரலாற்றின் உண்மையான திருப்பம் இங்கேதான் இருக்கிறது, ஹாவின் சூத்திரத்தில் அன்று.

அமெரிக்கா இதற்கு இன்னும் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. பண்ணையிலேயே சால்மொனெல்லாவைத் தடுக்கும் விதிகள் 2009இல் வெளியாகி, 2010 ஜூலையில் பெரிய பண்ணைகளுக்கு நடைமுறைக்கு வந்தன. அடுத்த மாதமே அயோவா மாநிலத்துப் பண்ணைகளிலிருந்து 50 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தத் தொற்றில் 1,900க்கும் மேற்பட்டோர் நோயுற்றது பதிவாகியுள்ளது. பண்ணை உரிமையாளருக்கும் அவர் மகனுக்கும் 2015இல் மும்மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2004 முதல் ஒவ்வொரு முட்டையிலும் ஓர் எண்ணைக் குத்துகிறது. 0 என்றால் இயற்கை வேளாண் பண்ணை, 1 வெளியே மேய்ந்த கோழி, 2 கொட்டகைக்குள் நடமாடியது, 3 கூண்டில் அடைபட்டது. வெண்கருவின் உயரம் பற்றி இந்த எண் எதுவும் சொல்வதில்லை. பிரிட்டனிலோ, 2017 அக்டோபரில் உணவுத் தர முகமை தன் பழைய எச்சரிக்கையைத் திரும்பப் பெற்று, சிங்க முத்திரை இட்ட முட்டையை மஞ்சள்கரு இளகிய நிலையிலேயே கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் முதியோரும் உண்ணலாம் என்றது. கரி பேசி இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் ஊர் உணவகத்தில் மிளகுத்தூள் தூவி வரும் ஆஃப்பாயிலுக்கு இப்படி உறுதி சொல்லும் முத்திரை எதையும் நாம் தட்டில் கண்டதில்லை.