கன்வெர்ட்டிபிள் காருக்கு டயர் மாத்தப்போறீங்களா? முதல்ல வயசைப் பாருங்க!

வீக் எண்ட்ல கூரையை மடக்கிவிட்டு ஒரு ஜாலி ரைடு... கன்வெர்ட்டிபிள் கார் பெரும்பாலும் அதுக்குத்தான் வெளியே வரும். சிக்கலே அங்கதான்! ஓட்டம் குறைவு என்பதால் டயர் பட்டன் தேயாது. ஆனா, ரப்பர் இறுகிப்போயிருக்கும். மழை ஈரத்துல, வளைவுல கார் வழுக்கும்போதுதான் அது தெரியும்.

வயசு: டயரின் பக்கவாட்டில், 'டிஓடி' குறியீட்டின் கடைசி 4 எண்களைப் பாருங்க. 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. 5 வருஷம் தாண்டினா ஆண்டுக்கு ஒருமுறை செக் பண்ணுங்க. 10 வருஷம் ஆகிட்டா, பட்டன் நல்லா இருந்தாலும் கழட்டிடுங்க.

அளவு: மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 17 இன்ச் வீலுக்கு 205/45 ஆர்17 84டபிள்யூ. 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 45 என்பது பக்கவாட்டு உயரம், அகலத்தில் 45 சதவிகிதம். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். 'டபிள்யூ' என்றால் மணிக்கு 270 கி.மீ வேகம் வரை. கடைசி இரண்டும் இதைவிடக் குறையவே கூடாது.

வகை: சம்மர் டயருக்கு கிரிப் அதிகம். ஆனா, 7 டிகிரிக்குக் கீழே குளிர் போனா இறுகிடும். குளிர் ஊர்ல ஓட்டுறவங்களுக்கு ஆல் சீசன் டயர் ஓகே.

ரெண்டு மட்டும் மாத்துறீங்களா? புதுசைப் பின்னாடி மாட்டுங்க. ஈர ரோட்டுல பின்சக்கரம் வழுக்கினா கார் சுழன்றுடும்.

பில் போடும் முன்னாடி, புது டயரிலும் அந்த 4 எண்களைப் படிச்சிடுங்க. கடையில பல வருஷம் கிடந்த டயரும் பார்க்கப் புதுசாத்தான் இருக்கும்!