நாற்பது முத்திரைத்தாள்கள்: சிமோன் தெ அந்தாவின் இடைக்கால ஆளுநர் பதவி, 1762–64

ஆங்கிலேயர் முற்றுகையிட்ட மணிலாவிலிருந்து இரவோடிரவாகப் படகேறிய நீதிபதி சிமோன் தெ அந்தா கையில் கொண்டுபோனவை 500 பெசோவும் 40 முத்திரைத்தாளும் என்று மார்தீனெஸ் தெ சூனிகா எழுதுகிறார். 1803-இல் வெளியான அவரது வரலாற்றில் இந்தக் கணக்கு அந்தாவின் இல்லாமையைக் காட்டவே இடம்பெறுகிறது. வெறுங்கையோடு போனவர் ஒரு நாட்டைத் திரட்டினார் என்ற சித்திரம் அதிலிருந்து எழுகிறது. சூனிகா 1786-இல்தான் பிலிப்பைன்ஸுக்கு வந்தவர். அந்தாவுக்குத் தோள்கொடுத்த அகுஸ்தீனிய சபையைச் சேர்ந்தவர் என்பதையும் மறக்கலாகாது. அவர் தரும் தகவலை நான் ஐயுறவில்லை. அதற்கு அவர் கொள்ளும் பொருளைத்தான் மறுக்கிறேன். அரசுப் பத்திரங்கள் முத்திரைத்தாளில் அமைய வேண்டும் என்று 1638-ஆம் ஆண்டின் அரசாணை அமெரிக்க, பிலிப்பைன்ஸ் ஆட்சிப்பகுதிகளுக்கு விதித்திருந்தது. நாற்பது தாள் என்பது நாற்பது செல்லத்தக்க ஆணைகளுக்கான இடம். படைத்தலைவன் வெடிமருந்தை எண்ணுவான். சட்டம் படித்தவர் தாளை எண்ணினார். சூனிகா வறுமை என்று கண்டதை நான் ஆயத்தம் என்றே வாசிக்கிறேன்.

இந்த வாசிப்புக்கு நாள் கணக்கு முக்கியம். அந்தா வெளியேறியது அக்டோபர் 4 இரவு; நகரம் வீழ்ந்தது 5-ஆம் நாள் காலை. சென்னையிலிருந்து படையெடுத்து வந்த ஆங்கிலேயரின் ஏடுகளிலோ வீழ்ச்சி 6-ஆம் தேதி. முரண் ஏதுமில்லை: மெக்சிகோ வழியாக நாளெண்ணிய மணிலா 1844 வரை ஒரு நாள் பின்தங்கியே இருந்தது. ஸ்பானிய ஏட்டிலிருந்து புறப்பாட்டையும் ஆங்கில ஏட்டிலிருந்து வீழ்ச்சியையும் எடுத்துக் கோத்தால் இடையில் இல்லாத ஒரு நாள் முளைத்துவிடும். உண்மையில் இடைவெளி ஓர் இரவே. ஆயினும் துணை ஆளுநராக அவருக்கு அளிக்கப்பட்ட ஆணை வீழ்ச்சிக்கு முந்தியது. ஆளுநர் பதவிக்கான உரிமைக்கோரல் பிந்தியது. புலாக்கானில் அதை அறிவித்தபோது வீழ்ச்சிச் செய்தி எவ்வளவு உறுதியாக அவரை எட்டியிருந்தது என்பதை மணிக்கணக்கில் நிறுவ இயலாது.

ஆளுநர் பதவி காலியானால் ஆட்சி உயர்நீதிமன்றத்தைச் சேரும் என்பது சட்டம். மற்ற நீதிபதிகள் பகைவர் பிடியில் இருந்ததால், தான் ஒருவனே அந்த மன்றம் என்றார் அந்தா. இதற்கு வலுவான மறுப்பு உண்டு: பேராயர் மனுவேல் ரோஹோ அப்போது இடைக்கால ஆளுநர், 1764 ஜனவரி வரை உயிரோடிருந்தார். சிறைப்பட்டவரின் பதவியைக் காலியானதாகக் கொள்ளலாமா? சட்டம் இதற்கு நேராக விடை தரவில்லை என்றே தோன்றுகிறது. இங்கு அந்தாவின் வாதம் மெலிந்தது. அதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பாக்கோலோரில் இருந்துகொண்டு, தன்னை ஆளுநர் என்று விளிக்காத ஆங்கிலக் கடிதங்களை வாங்க மறுத்த பிடிவாதத்தை வெறும் செருக்கு என்று தள்ளிவிட முடியாது. அத்தகைய ஒரு கடிதத்தை வாங்கியிருந்தால், ரோஹோவே ஆளுநர் என்பதைத் தாமே ஒப்புக்கொண்டதாக முடிந்திருக்கும். அவர் தலைக்கு விலை வைத்த ஆங்கிலேயருக்கும் அவர் கலகக்காரராக இருந்தால்தான் ரோஹோ ஒப்பமிட்ட சரணாகதி நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும்.

1764 மார்ச்சில் பிரான்சிஸ்கோ தெ லா தோர்ரே இடைக்கால ஆளுநராக வந்ததும் அந்தா பொறுப்பை ஒப்படைத்தார். தன் பதவி தற்காலிகமானதே என்று அவர் கருதியதற்கு இது சான்று. 1770-இல் அரசர் அவரை முழு ஆளுநராக்கி அனுப்பியதை அவரது சட்ட நிலைக்குக் கிடைத்த தீர்ப்பாகக் கொள்ள இடமுண்டா? அது சேவைக்குக் கிடைத்த பரிசு. 1762 அக்டோபரில் பதவி காலியாக இருந்ததா என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.