12 பென்ஸ் கூலியும் ஒரு கொலைப் பழியும்

எலிசபெத் மகாராணியார் காலத்து இங்கிலாந்தில், ஏழைக் குடியானவனுக்கு நோய் கண்டால் அவன் நாடியது ஊர்ப் பரிகாரியையே. எசெக்ஸ் பகுதியின் செயின்ற் ஒசித் கிராமத்தில் அத்தொழில் செய்தவள் ஊர்சுலா கெம்ப்.

அயலவளான கிறேஸ் தேர்லோவின் மகன் நோயுற்றபோது, அவனை மந்திரித்துத் தேற்றியவள் இவளே. அடுத்துப் பிறந்த பெண்மகவைப் பராமரிக்கத் தன்னை அமர்த்தவில்லை என்று மனத்தாங்கல் கொண்டாள். அம்மகவு தொட்டிலிலிருந்து வீழ்ந்து கழுத்து முறிந்து மாண்டது. அதன் பின்பும் கிறேஸ் தனது கால் முடக்கத்துக்கு ஊர்சுலாவின் உதவியையே பெற்றாள் என்பது கவனிக்கத்தக்கது. பேசிய கூலி 12 பென்ஸ். குணம் கண்டபின் பணமில்லை என்றாள். பாற்கட்டியாவது தரும்படி ஊர்சுலா கேட்டாள்; அதுவும் இல்லை. முடக்கம் மீண்டது. கிறேஸ் முறையிட்டாள்.

சூனியத்தால் கொல்வோருக்கு மரணதண்டனை என 1563 ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருந்தது. 1582 இல் விசாரித்த நீதவான் பிரையன் டார்சி, அவளது எட்டு வயது மகனையே சாட்சியாக்கினார். தாய் இரு பூனைகள், ஒரு தேரை, ஓர் ஆட்டுக்குட்டி ஆகிய நான்கு ஏவற்பேய்களை வைத்திருப்பதாகச் சிறுவன் கூறினான். அவ்வயதுப் பிள்ளைகள் பெரியவர் விரும்பும் விடையை எவ்வளவு விரைவில் கண்டுகொள்வர் என்பதை வகுப்பறையில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஒப்புக்கொள்வோருக்குத் தயவு கிட்டும் என்றார் நீதவான். அவள் முழந்தாளிட்டு அழுது யாவற்றையும் ஒப்புக்கொண்டாள். வேறு பெண்களின் பெயர்களையும் உரைத்தாள். தயவு கிட்டவில்லை. மூவரைக் கொன்றவளெனத் தூக்கிலிடப்பட்டாள். அவள் பெயர் சொன்ன எலிசபெத் பென்னற்றும் தூக்கிலேறினாள்.

1921 இல் அவ்வூரில் ஆணி அறைந்த எலும்புக்கூடு ஒன்று அகப்பட்டது. ஊர்சுலாவினதென்று கட்டணம் பெற்றுக் காட்டினர். அது ஓர் ஆணின் எலும்புக்கூடென்று பின்னர் தெரியவந்தது.