அந்நியரோடு பறத்தல்: கரடியூருக்கு மேலிருந்து சில குறிப்புகள்

ஃப்ளைட் சிமுலேட்டரை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். 'கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கிட்டு பிளேன் ஓட்றானாம்' என்ற கேலியோடு பேச்சு முடிந்துபோகும். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் இணையம் வழியே ஒரே வானத்தில் கூடிப் பறக்கும் இந்தப் பாவனைக்கு ஒரு வரலாறு உண்டு. 'அந்நியர்' என்கிற கருத்தாக்கத்தின் வழியே அந்த வரலாற்றை வாசித்துப் பார்க்கலாம். வாசிப்பதற்கான இடமாக நான் எடுத்துக்கொள்வது ஏற்காடு மலையிலுள்ள கரடியூரை.

தொடக்கத்தில் இந்தப் பாவனையில் அந்நியரே கிடையாது. 1920களின் இறுதியில் அமெரிக்காவின் பிங்ஹாம்டனில் எட்வின் லிங்க் செய்த பயிற்சிப் பெட்டியில் ஒருவர்தான் உட்கார முடியும். அவருடைய தந்தையின் தொழிற்சாலை ஆர்கன் வாத்தியங்கள் செய்வது. அந்த வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே பெட்டியை ஆட்டினார் லிங்க். முதலில் அது கேளிக்கைப் பூங்காக்களுக்குத்தான் விலைபோயிற்று. திருவிழா ராட்டினத்துக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1934இல் விமானத் தபாலை அமெரிக்க ராணுவம் ஏற்று நடத்தியபோது மோசமான வானிலையில் விமானிகள் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகே ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. அந்த மூடிய பெட்டி கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்: உன் உடம்பு சொல்வதை நம்பாதே, முள் காட்டுவதை நம்பு.

அந்நியர் உள்ளே வருவது 1970களில். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி வலையமைப்பில் 'ஏர்ஃபைட்' என்ற விளையாட்டு ஓடியது. வெவ்வேறு முனையங்களில் உட்கார்ந்தவர்கள் ஒருவரையொருவர் வானத்தில் துரத்திச் சுட்டார்கள். 1980களின் பின்பாதியில் ஜீனீ என்ற தொலைபேசிவழிச் சேவையில், மணிக்கணக்கில் கட்டணம் கட்டி, 'ஏர் வாரியர்' ஆடினார்கள். ஆக, இந்த வானத்தில் அந்நியர் முதலில் தோன்றியது இலக்காக. பெயர் தெரியாதவன் என்பதும் சுடத்தக்கவன் என்பதும் இங்கே ஒன்றாகவே இருந்தன.

மூன்றாவது கட்டத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1997இல் சாட்கோ, 1998இல் இவாவோ, 2001இல் வாட்சிம். இந்த அமைப்புகளில் யாரும் யாரையும் சுடுவதில்லை. ஒருவர் விமானத்தை ஓட்டுகிறார். இன்னொருவர், அவரும் சம்பளம் வாங்காத ஆர்வலர்தான், கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து வழி சொல்கிறார். வரிசையில் நிற்பதும், இன்னொருவர் இறங்கட்டும் என்று வட்டமடித்துக் காத்திருப்பதுமே ஆட்டம். அதிகாரி இல்லாத இடங்களில் 122.8 என்ற பொது அலைவரிசையில் 'நான் இங்கே இருக்கிறேன், இந்தப் பக்கமாக இறங்கப்போகிறேன்' என்று அறிவித்துவிட வேண்டும். கேட்பவர் விலகிக்கொள்வார். இலக்காக இருந்த அந்நியர் இப்போது வழிவிடப்பட வேண்டியவர் ஆகிவிட்டார். யாரும் கட்டாயப்படுத்தி நடந்த மாற்றமல்ல இது. விளையாடுகிறவர்கள் தாங்களாகவே ஒழுங்கை விரும்பி ஏற்கிறார்கள். இதில் ஃபூக்கோ சொன்ன கண்காணிப்பின் உள்வாங்கலைப் பார்க்கலாம். தெருவில் எதிரே வருபவருக்கு ஒதுங்கி நிற்கும் சாதாரண மரியாதையையும் பார்க்கலாம். எனக்கு இரண்டுமே தெரிகின்றன.

ஆனால் இந்த மரியாதைக்கு ஒரு நிபந்தனை உண்டு. மலைப்பக்கம் புதிதாக வந்தவரைக் கேட்பார்கள்: 'எந்தூருங்க? யாரு வூட்டுக்கு வந்தீங்க?' அந்தக் கேள்விக்குள் சாதி விசாரணையும் இருக்கிறது, சோறு போடும் அக்கறையும் இருக்கிறது. வாட்சிமில் இரண்டுமே இல்லை. அழைப்புக்குறி, உயரம், திசை, அவ்வளவுதான். நான் பறந்த நேரங்களில் எதிரே வந்தவர் தமிழர்தான் என்று உச்சரிப்பில் புரிந்தபோதும் பேச்சு ஆங்கில வாய்பாட்டிலேயே முடிந்தது. 'யாரு வூட்டுக்கு' என்ற கேள்வி இல்லாத ஒரு வெளி நம் சமூகத்துக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

சரி, வானத்தில் இருப்பவர்களுக்கு இது போதும். கீழே இருப்பவர்கள்?

மேலிருந்து பார்ப்பது எப்போதும் ஓர் அதிகாரத்தின் பார்வை. உலக வர்த்தக மையத்தின் உச்சியிலிருந்து நியூயார்க்கைப் பார்ப்பதையும் தெருவில் நடப்பதையும் எதிரெதிரே வைத்து மிஷேல் த செர்த்தோ 1980இல் எழுதியது இதைப் பற்றித்தான். நமக்கு அது இன்னும் பழைய கதை. 1802இல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, மலைகளை முக்கோணங்களின் முனைகளாக்கியது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயனில் காப்பியைக் கொண்டுவந்தார். பிறகு காடு எஸ்டேட்டுகளாயிற்று. 1960களில் மேட்டூரில் அலுமினிய ஆலை வந்ததும் இம்மலையின் பாக்சைட் அங்கே இறங்கிப் போயிற்று. விமானம் அலுமினியத்தால் ஆனது என்பதை நினைவில் வையுங்கள்.

இன்று சிமுலேட்டர்களில் எழும்பும் மலைகளுக்கு ஒரு முக்கிய அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினோரு நாட்கள் சுற்றி ரேடாரால் அளந்த உயரங்கள். 2020இல் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் செயற்கைக்கோள் படத்திலிருந்து வீடுகளைத் தானே ஊகித்துக் கட்டிக்கொள்கிறது. கூரை தெரிந்தால் போதும், கீழே ஒரு வீடு முளைத்துவிடும். யாருடைய வீடு என்பது படத்தில் இல்லை. இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகள், காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கியதாகச் சொல்லிவருகிறார்கள். அவர்களுக்கு மலை என்பது உறவுமுறை. திரையில் அது 1,600 மீட்டருக்குச் சற்று மேலான ஒரு தடை. சேலம் விமான நிலையத்தை நெருங்குபவர் கிழக்கே மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது.

அந்த விமான நிலையத்தின் கதையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் 1993இல் திறந்தது. சேவை தொடங்குவதும் நிற்பதுமாகப் பல ஆண்டுகள் போயின. 2018இல் மீண்டும் தொடங்கி, 2021இல் நின்று, 2023 அக்டோபரில் திரும்பவும் தொடங்கியது. உண்மை நிலையம் வெறிச்சோடிக் கிடந்த ஆண்டுகளிலும் பாவனை நிலையம் ஒருநாளும் மூடப்படவில்லை. எந்த நாட்டு அந்நியரும் எப்போதும் இறங்கலாம். எக்ஸ்-பிளேன், ஃப்ளைட்கியர் போன்றவற்றில் ஓடுதளம் என்பது ஒரு கோப்பில் எழுதிய இரண்டு முனைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை. எண்களை மாற்றினால் ஓடுதளம் நீண்டுவிடும். நிஜத்தில் நீட்ட 2018இல் சுமார் 570 ஏக்கர் கேட்டார்கள். காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகள் தர மறுத்துப் போராடினார்கள்.

கோப்பில் எண்ணை மாற்றுகிறவனைக் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. நிலத்தை எண்ணாக மட்டுமே பார்க்கும் பழக்கம் விளையாட்டில் பிறந்ததல்ல. விளையாட்டு அதை லாம்டனிடமிருந்தும் வருவாய்த்துறையிடமிருந்தும் கடன் வாங்கியிருக்கிறது. ஆனால் அந்நியருக்கு வழிவிடும் ஒழுக்கத்தை அது தானாகவே கண்டுபிடித்தது. 'நான் இறங்கப்போகிறேன், யாராவது இருக்கிறீர்களா?' என்று 122.8இல் கேட்டுவிட்டு, பதிலுக்காகச் சற்றுப் பொறுத்திருக்கத் தெரிந்த ஒரு கூட்டம் உலகெங்கும் உருவாகியிருக்கிறது. அதே கேள்வியைக் கீழே பார்த்துக் கேட்க ஓர் அலைவரிசை இல்லை. கரடியூரிலும் காமலாபுரத்திலும் இருப்பவர்கள் பதில் சொல்லக் காத்திருக்கவில்லை. கேட்காதபோதே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.