எம்.சி.ஆர். செருப்பு பிறந்த கதை

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்குப் போன பெரியப்பா, உச்சிவெயிலில் ரதவீதித் தாரில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்தார். ராத்திரி பெரியம்மா பார்த்துச் சொன்ன பிறகுதான் உள்ளங்கால் கொப்புளமே அவருக்குத் தெரியும். இருபது வருஷச் சக்கரை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, எம்.சி.ஆர். செருப்பு வாங்கச் சொன்னார்கள்.

"ஏல, அது குஷ்டக்காரங்க போடுறதுல்லா?" என்று முகம் சுளித்தார்.

அவர் சொன்னது சரிதான். அது பிறந்ததே தொழுநோயாளிகளுக்காக.

ஏன் என்று புரிய நரம்பிலிருந்து தொடங்க வேண்டும். கைகால் நரம்பிழைகள் தனியாக வாழ்வதில்லை. ஷ்வான் செல்கள் கூடவே இருக்கும். பருத்த இழையைப் பத்தமடைப் பாய்போலப் பல சுற்று சுற்றிக்கொள்ளும். வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளைக் கூட்டமாக மடியில் வைத்துக்கொள்ளும். ஊட்டமும் கொடுக்கும். இப்படி நரம்புக்குத் துணைநிற்கும் செல் குடும்பத்துக்குப் பெயர் கிளையா. கிரேக்கத்தில் பசை. நரம்பை ஒட்டவைக்கிற சமாச்சாரம் என்று நினைத்து 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் விர்ஷோ வைத்த பெயர். இத்தனை வேலை பார்த்தும் பசை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

தொழுநோய்க் கிருமி குடியேறுவது இந்த ஷ்வான் செல்லுக்குள். உடம்பில் குளிர்ந்த இடங்கள்தான் அதற்குப் பிடிக்கும்: கை, கால், காதுமடல். செல் கெட்டால் நரம்பு கெடும், வலி உணர்வு போய்விடும்.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழும் என்பதே அன்றைய எண்ணம். அவர் கண்டது வேறு. கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்த கை, ஆணி ஏறியும் நடந்த கால். தூக்கத்தில் எலி விரலைக் கடித்தும் விழிக்காதவர்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு பூனை கொடுத்தார்.

எலிக்குப் பூனை சரி, நடைக்கு? ஆற்றிய புண், கெட்டிச் செருப்பில் நடந்தால் அதே இடத்தில் திரும்ப வந்தது. வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் பல பொருள்களைப் போட்டுப் பார்த்துக் கடைசியில் பிடித்தது மைக்ரோசெல்லுலர் ரப்பர், சுருக்கமாக எம்.சி.ஆர். உள்ளே நுண்ணிய காற்றறைகள். அமுங்கும், ஆனால் சப்பையாகிவிடாது. உடல் எடையைப் பாதம் முழுக்கப் பரப்பும். அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி அடிக்கக் கூடாது. பின்வார் கட்டாயம்: உணர்வற்ற காலிலிருந்து செருப்பு நழுவினாலும் ஆளுக்குத் தெரியாதே.

சக்கரையிலும் நரம்பிழையோடு ஷ்வான் செல் நலிகிறது. அதனால்தான் வேலூர்ச் செருப்பு பெரியப்பா காலுக்கும் வந்து சேர்ந்தது.

உங்கள் வீட்டில் சக்கரைக்காரர் இருந்தால், இன்று ராத்திரி அவர் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.