நான் இடித்த காரை வீடு

ஆடித்தபசுக்கு வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் எங்கள் தாத்தா கட்டிய வீட்டில்தான் தங்குவார்கள். திண்ணை, தார்சா, பட்டாசல், அரங்கு, நடுவில் முற்றம், மேலே தட்டட்டி. இருபது பேர் படுத்தாலும் ஒரே ஒரு ஃபேன்தான். புழுக்கம் தாங்காமல் யாரும் எழுந்து உட்கார்ந்ததாக நினைவில்லை.

அந்த வீட்டை 1991-ல் இடித்தவன் நான். அதுவும் சிவில் டிப்ளமோ படித்தவன். இன்று பேரன் வயதுப் பிள்ளைகள் "பசுமைக் கட்டிடம்" என்று பேசும்போது அந்த வீடுதான் கண்ணில் நிற்கிறது.

சுவர் ஒன்றரை அடி கனம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். பகல் வெயில் அதைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தட்டட்டிக்கு மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே சிறு செங்கற்களைக் குத்துவசமாக அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இதற்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர்.

1949-ல் நம் தாழையூத்தில் சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியது. நான் படிக்கப் போனபோது சுண்ணாம்பைப் பற்றி வாத்தியார்கள் பேசுவதே அபூர்வம். காரை வீடு என்றால் பழசு, கான்கிரீட் என்றால் கௌரவம். நானும் அப்படியே நம்பினேன்.

முற்றத்தை மூடி ஹால் ஆக்கினேன். மேலே ஐந்தங்குலக் கான்கிரீட். சித்திரையில் அது பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கக் கீழே இறக்கியது. அம்மா கயிற்றுக் கட்டிலைக் கொல்லை வேம்படிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். "வீடு நல்லாத்தாம்ல இருக்கு. படுக்கத்தான் முடியல" என்றாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அதே காலத்தில் செங்கோட்டை மலைக்கு அந்தப்பக்கம், திருவனந்தபுரத்தில், லாரி பேக்கர் என்ற இங்கிலாந்துக்காரர் செங்கல், சுண்ணாம்பு, காற்றோட்டத்துக்கு ஓட்டைவிட்ட சுவர் என்று வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார். தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை என்று அங்கே பழைய ஓடுகளை வைத்துச் சிமெண்டையும் கம்பியையும் மிச்சப்படுத்தினார். 1990-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மறுவருஷம் நான் கடப்பாரையை எடுத்தேன்.

சுண்ணாம்பு சுட ஏறக்குறைய 900 டிகிரி சூடு போதும். சிமெண்டுக்கு 1450 டிகிரி வேண்டும். உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்ட் தயாரிப்பில் வருகிறது. சுண்ணாம்போ இறுகும்போது அந்த வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

பழைய வீட்டில் குறை இல்லாமல் இல்லை. கட்டையில் கரையான் ஏறும், தட்டட்டியில் அரசங்கன்று முளைக்கும், வருஷா வருஷம் வெள்ளையடிக்க வேண்டும். எல்லாரும் அப்படியே கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் உங்கள் தெருவில் ஒரு காரை வீடு மிச்சமிருந்தால், இடிக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். வெடிப்பைச் சுண்ணாம்பாலேயே அடையுங்கள். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே உதிரும். தாத்தா பார்த்துப் பார்த்துக் கட்டியதை நான் மூன்றே நாளில் தரைமட்டமாக்கினேன். அந்தத் தவறு என்னோடு போகட்டும்.